முந்தானைக்குப் பின்னால் வானம்: ஓர் எண்ணெய் ஓவியத்தின் வேலைக்குறிப்பு

கேன்வாஸ் 24×30 அங்குலம், நின்ற வாக்கில். எண்ணெய் வண்ணம். இடம் சென்னையில் நான்காவது மாடிக்கு மேல் ஒரு மொட்டை மாடி. பிப்ரவரி மாதம், மாலை 4.45 முதல் 5.30 வரையிலான வெயில். தந்த நிறக் காட்டன் புடவையில் நிற்கும் ஒரு பெண், அரக்குக் கரை, காற்றில் முந்தானை. கைப்பிடிச் சுவருக்கு மேலே வானம் மட்டும்.

இந்த வகைப் படங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. வானத்தை முதலில் திரைபோலப் பூசி முடித்து, காயவைத்து, அதன்மேல் ஆளை வரைவார்கள். உடம்பு சரியாக இருக்கும், முகச் சாயலும் வந்திருக்கும், ஆனால் பத்திரிகையிலிருந்து கத்தரித்து ஒட்டிய மாதிரி நிற்கும். வெளியில் நிற்கும் ஒருவரின் வெயில் படாத பக்கம் முழுவதற்கும் வானம்தான் விளக்கு. விளக்கையும் விளக்கொளி விழும் பொருளையும் தனித்தனி நாளில் பூசினால் இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. கீழே வரும் வேலைமுறை முழுக்க இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான்.

கண்மட்டம்

உருவத்துக்குப் பின்னால் வானம் வேண்டுமென்றால் அடிவானத்தைக் கீழே இறக்க வேண்டும். அடிவானம் எப்போதும் வரைபவரின் கண் உயரத்தில் இருக்கும். வரைபவரும் நிற்பவரும் ஒரே தளத்தில், ஒரே உயரத்தில் நின்றால் அடிவானம் அவர் கண் வழியாகப் போகும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம், துணி காயும் கொடி எல்லாம் இடுப்புக்கும் கழுத்துக்கும் நடுவில் வந்து உட்காரும்.

இங்கே மாடியின் நடுவில் 50 செ.மீ. உயர சிமென்ட் மேடை ஒன்று இருந்தது. அதில் அந்தப் பெண் நின்றார். கைப்பிடிச் சுவர் ஓரமாக யாரையும் மேடையில் ஏற்றி நிறுத்த வேண்டாம், காற்று நேரத்தில் ஆபத்து. வரைபவர் தாழ்ந்த முக்காலியில் உட்கார, கண் உயரம் தரையிலிருந்து 95 செ.மீ. அதாவது மேடையில் நிற்பவரின் பாதத்திலிருந்து 45 செ.மீ., முழங்கால் மட்டம். பின்னாலிருக்கும் சுவர் 90 செ.மீ. உயரம் என்பதால் அதன் விளிம்பு அடிவானத்துக்கு ஒரு மயிரிழை கீழே நின்று, ஊரை மொத்தமாக மறைத்துவிட்டது. ஊரை மறைக்கக் கைப்பிடிச் சுவரைவிடச் சௌகரியமான பொருள் கிடையாது.

தூரம் இன்னொரு கணக்கு. 160 செ.மீ. உயரமுள்ளவரின் உச்சி நம் கண்ணுக்கு 115 செ.மீ. மேலே இருக்கிறது. 3 மீட்டரிலிருந்து பார்த்தால் அது 21 டிகிரி ஏற்றம். மோவாய்க்கு அடிப்பக்கமும் மூக்குத் துவாரமும் திறந்துகொள்ளும், தலை சிறுத்து, கால் பருக்கும். 6 மீட்டருக்குப் பின்வாங்கினால் 11 டிகிரி. கம்பீரம் போகாது, முகமும் கெடாது. போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வதானால் அதே 6 மீட்டரிலிருந்து 2 மடங்கு ஜூம். போனின் சாதாரண லென்ஸ் அகலப்பார்வை லென்ஸ். அதைக்கொண்டு ஆளை நிறைக்கப் பக்கத்தில் போனால் மறுபடி அதே பருத்த கால்தான்.

தாழ்ந்த கண்மட்டத்துக்கு எல்லோரும் காட்டுவது பிரெஞ்சு ஓவியர் மோனே 1875-இல் வரைந்த குடைப் பெண்ணை. 100×81 செ.மீ. கேன்வாஸ், இப்போது வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. புல்மேட்டில் மனைவி கமில், பின்னால் மகன், கீழிருந்து பார்த்த கோணம். கோணத்தைவிட அதில் படிக்க வேண்டியது வெள்ளை உடை. வெயில் பின்னாலிருந்து வருவதால் குடையின் மேல்பக்கமும் முதுகுப்பக்கத் துணியும்தான் வெள்ளை. முன்பக்கம் நீலமும் சாம்பலும் ஊதாவும். கீழேயிருக்கும் காட்டுப்பூக்களின் மஞ்சள் அதில் எதிரொளிக்கிறது. வானத்தின் பிரஷ் வீச்சும் உடையின் வீச்சும் ஒன்றுக்குள் ஒன்று போய்வருகின்றன. 1886-இல் பின்னாளில் தன் வளர்ப்பு மகளான சூசான் ஒஷெடேயை நிற்கவைத்து மோனே இதே விஷயத்தை இரண்டு பெரிய கேன்வாஸில் (131×88 செ.மீ., பாரிஸ் ஒர்சே அருங்காட்சியகம்) மறுபடி செய்தபோது முகத்தை ஏறக்குறைய விட்டேவிட்டார். முகம் தெளிவாகத் தெரிந்தே ஆகவேண்டும் என்று வேலைக்குப் பணம் தருபவர் சொன்னால், எதிர்வெயில் நிலையை எடுக்காமல் இருப்பது நல்லது.

திசையும் காற்றும்

பிப்ரவரி மாலையில் சூரியன் மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே. வடமேற்கைப் பார்த்து உட்கார்ந்தோம். வெயில் அவருக்குப் பின்னால், நமக்கு இடப்பக்கத்திலிருந்து வரும் (இங்கே இடம், வலம் எல்லாம் படத்தைப் பார்ப்பவரின் பக்கம்). கடற்காற்று கிழக்கிலிருந்து அடிப்பதால் முந்தானை இடப்பக்கம், அதாவது சூரியன் இருக்கும் பக்கமாகவே பறக்கும். துணியை ஊடுருவி வெளிச்சம் வரவேண்டுமானால் இது அமைய வேண்டும். காற்று எதிர்த்திசையில் அடிக்கும் ஊரில் திசையை மாற்றிக்கொள்ளலாம், காற்றை முடியாது.

தெளிந்த வானம் மேலே அடர்ந்து கீழே வெளுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் மறப்பது பக்கவாட்டு மாற்றத்தை. சூரியனுக்கு அருகே வானம் வெளிறி, மஞ்சள் தட்டி இருக்கும். சூரியனிலிருந்து ஏறக்குறைய 90 டிகிரி தள்ளியிருக்கும் பகுதியில்தான் நீலம் ஆழம். ஆக இந்தப் படத்தின் வானத்தில் மிக இருட்டான மூலை மேல்வலது, மிக வெளிச்சமான மூலை கீழ் இடது. மேலிருந்து கீழ் மட்டும் வெளுத்துக்கொண்டு வந்தால் அது காலண்டர் வானம்.

முன்சோதனை: 8×10 அங்குலம், இரண்டு

சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. 45 நிமிடத்துக்கு மேல் ஒரே நிழலை நம்பக் கூடாது. எனவே அடுத்தடுத்த இரண்டு மாலைகளில் இரண்டு சிறு அட்டைகள். இரண்டிலும் முகம் கிடையாது, விரல் கிடையாது. வண்ணத் திட்டுகள் மட்டும்.

கேன்வாஸும் வண்ணம் கலக்கும் பலகையும் ஒரே நிழலில் இருக்க வேண்டும். வெயில் நேரடியாகக் கேன்வாஸில் விழுந்தால் கண்ணின் பாவை சுருங்கி, எல்லாவற்றையும் இருட்டாகக் கலப்போம். வீட்டுக்குள் கொண்டுவந்தால் படம் தார் பூசியதுபோல இருக்கும். நிழலுக்குக் குடை வைப்பதானால் கறுப்புக் குடை. சிவப்புக் குடையின் கீழ் கலந்த நீலம் வெளியே வந்ததும் வேறு நிறமாகிவிடும். ஈசலின் (கேன்வாஸைத் தாங்கும் சட்டம்) நடுவில் 5 கிலோ மணல்பை ஒன்று தொங்க வேண்டும். காற்றில் கேன்வாஸ் பாய்மரம்தான்.

அட்டையின் பின்னால் எழுதியது, 1 கறுப்பு, 10 வெள்ளை என்ற டோன் (வெளிச்சம், இருட்டு) அளவில்:

வானம் மேல்வலது 5.5. வானம் கீழ்வலது 7.5. வானம் கீழ் இடது 8.5. வெயில் பட்ட புடவை 9.5. முந்தானை ஒற்றை மடிப்பு 9, இரட்டை 7.5. கொசுவத்தின் நிழல் 6. வெயில் பட்ட கை 7. நிழலில் முகம் 3.5. கூந்தல் 2. சுவர் 4.5.

இதில் நம்ப மறுப்பது கொசுவ நிழலின் 6-ஐத்தான். புடவை வெள்ளை என்று மூளைக்குத் தெரியும், அதனால் கை 8-க்குப் போகும். ஆனால் அதே உயரத்தில் பின்னாலிருக்கும் வானம் 7.5. வெள்ளைப் புடவையின் நிழல்பக்கம் வானத்தைவிட இருட்டு. அதை 8 ஆக்கினால் வெயில் பட்ட விளிம்புக்கு ஏற இடமே இருக்காது. படம் முழுக்கச் சுண்ணாம்பாகும். சந்தேகம் வந்தால் ஒரு வெள்ளைத் தாளை நிழலில் பிடித்து வானத்துக்கு எதிரே பார்க்கலாம்.

போன் படங்களை இந்த டோன் கணக்குக்கு நம்ப வேண்டாம். வானத்துக்கு வெளிச்சம் வைத்தால் ஆள் கரிக்கட்டை, ஆளுக்கு வைத்தால் வானம் வெறும் வெள்ளை. இரண்டையும் தனித்தனியாக எடுத்து, உருவ அமைப்புக்கும் மடிப்புக்கும் மட்டும் பயன்படுத்தினோம்.

கேன்வாஸ்

கடையில் வாங்கிய பருத்தி கேன்வாஸுக்கு மேல் அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) இன்னும் 2 பூச்சு, ஒன்று குறுக்கே, ஒன்று நெடுக்கே. இடையில் 220 நம்பர் உப்புத்தாள். கடைக் கேன்வாஸ் பெரும்பாலும் எண்ணெயை உறிஞ்சும். அதனால் வரும் தொல்லை பின்னால் இருக்கிறது.

ஜெஸ்ஸோ நன்றாக உலர்ந்ததும், டர்பன்டைனில் கரைத்த ரா சியென்னாவும் (மஞ்சள் பழுப்பு) துளி பர்ன்ட் சியென்னாவும் (செம்பழுப்பு) துணியால் தேய்த்து, அதிகத்தைத் துடைத்துவிட வேண்டும். டோன் 7 அளவு, வறண்ட மணல் நிறம். வெள்ளைக் கேன்வாஸில் எந்த நீலம் வைத்தாலும் இருட்டாகத் தெரியும், பயந்து வெளுத்துவிடுவோம். இந்தச் சூடான அடித்தளம், நீலத்தின் பிரஷ் இடைவெளிகளில் எட்டிப்பார்க்கும்போது மாலை வானத்துக்கே உரிய ஒரு அதிர்வைத் தருகிறது. 1 நாள் காயவிட்டோம்.

வரைவு

கரிக்கட்டைக் கறுப்பில் கோடு போடாமல், நீர்த்த பர்ன்ட் அம்பரில் (அடர்பழுப்பு) மெல்லிய கோடு. அடிவானம் கீழிருந்து 8 அங்குலம். பாதம் 2 அங்குலத்தில், உச்சி 23 அங்குலத்தில். ஆள் 21 அங்குலம். தலை மொத்த உயரத்தில் ஏழரையில் ஒரு பங்கு என்றால் 2.8 அங்குலம். உருவத்தின் அச்சு நடுக்கோட்டுக்கு 2 அங்குலம் வலப்பக்கம் தள்ளி, முந்தானைக்கு இடப்பக்கம் இடம் விட்டது.

வானத்தின் முன் நிற்கும் உருவத்துக்கு உள்விவரத்தைவிட வெளிவரை முக்கியம். 5 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் வெளிவரையை வைத்தே தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எடை எந்தக் காலில் என்று தெரிய வேண்டும். இங்கே வலது கை இடுப்பில், இடது கை முந்தானையைப் பிடித்தபடி. இடுப்புக்கும் கைக்கும் நடுவில் ஒரு முக்கோண வானம். அது இல்லாவிட்டால் கை உடம்போடு ஒட்டி, வெளிவரை ஒரு மூட்டையாகிவிடும்.

வானத்துக்கு எவ்வளவு வண்ணம்

உருவம் போக வானப் பரப்பு சுமார் 2,900 சதுர செ.மீ. 0.1 மி.மீ. கனத்தில் பூசினால் 29 மி.லி. பலகையிலும் பிரஷ்ஷிலும் நிற்பது, திருத்தம் எல்லாம் சேர்த்து 45 மி.லி. கலந்துகொள்ள வேண்டும். அதில் பெரும்பங்கு வெள்ளை, ஆகவே 37 மி.லி. டியூப் ஒன்றை நம்பி இறங்கினால் பாதியில் நிற்பீர்கள். பாதியில் மறுபடி கலந்த நீலம் முதல் நீலத்தோடு ஒருநாளும் சேராது. பெரிய வெள்ளை டியூப் வாங்குவது இங்கே சிக்கனம்.

பங்குகள் கத்தி நுனியால் அளந்தவை:

மேலே: டைட்டானியம் வெள்ளை 10, அல்ட்ராமரீன் (ஊதா சாயும் அடர்நீலம்) 3, கோபால்ட் நீலம் 2, பர்ன்ட் சியென்னா ஒரு பொட்டு.
நடுவே: வெள்ளை 12, கோபால்ட் 3.
தாழ்வில்: வெள்ளை 14, செருலியன் (வெளிர் வான நீலம்) 2, அலிசரின் (கருஞ்சிவப்பு) ஒரு ஊசிமுனை.
அடிவானத்தில்: வெள்ளை 16, எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) 1, காட்மியம் சிவப்பு ஒரு ஊசிமுனை.

செருலியன் வாங்கும்போது டியூப்பின் பின்னால் நிறமி எண்ணைப் பாருங்கள். பி.பி. 35 என்றிருந்தால் அசல். "ஹியூ" என்று போட்டிருப்பதில் பெரும்பாலும் தாலோ நீலம் வெள்ளையோடு கலந்திருக்கும். தாலோ ஒரு பொட்டு கூடினாலும் வானம் நீச்சல்குளமாகிவிடும். அலிசரினில் பி.ஆர். 83 வெளிச்சத்தில் மங்கக்கூடியது. வெள்ளையோடு கலந்து நீர்த்துப்போகும் வானத்தில் அது இன்னும் சீக்கிரம் போகும், ஆகவே "பெர்மனென்ட்" வகை.

மூன்றாவது கலவையில் அந்த ஊசிமுனை அலிசரின் எதற்கு? நீலமும் ஓக்கரும் சந்திக்கும் இடத்தில் பச்சைப் பட்டை ஒன்று வரும். மாலை வானம் வரையும் எவருக்கும் தெரிந்த தொல்லை. நடுவில் மெல்லிய ரோஜா இருந்தால் நீலம் அதன் வழியாக மஞ்சளுக்குப் போகும், பச்சை தலைகாட்டாது. முதல் சிறு அட்டையில் இதை விட்டதால் கைப்பிடிச் சுவருக்கு மேலே பாசி பிடித்தாற்போல ஒரு கோடு வந்தது.

முதல் பூச்சு: ஒரே அமர்வு, 5 மணி நேரம்

வரிசை இப்படி. முதலில் கூந்தலின் இருட்டு, நிழல்பக்கத் தோல், கொசுவ நிழல் ஆகிய மூன்றையும் தட்டையாக வைத்தது. பிறகு வானம், உருவத்தின் ஓரத்தைத் தாண்டி 2, 3 மி.மீ. உள்ளே வரும்படி. அதன்பின் ஈரத்திலேயே வெயில் பட்ட துணி, வானத்தின் மேல் ஏறும்படி. இருட்டுகளை முதலில் வைப்பதால் வானத்தின் டோனை எதனோடு ஒப்பிடுவது என்ற சந்தேகம் தீர்கிறது.

வானத்துக்கு 12 நம்பர் தட்டைப் பன்றிமயிர் பிரஷ். வீச்சு குறுக்கும் நெடுக்குமாக, எக்ஸ் போல. ஒரு கலவைக்கும் அடுத்ததற்கும் நடுவில் சுமார் 4 செ.மீ. இரண்டும் கலக்க விட்டது. இடது மூன்றில் ஒரு பங்குக்கு எல்லாக் கலவையிலும் அடிவானக் கலவை கொஞ்சம் சேர்த்தது. வழுவழுப்பாகத் தேய்த்து முடிக்கும் ஆசையை அடக்க வேண்டும். மென்மயிர் பிரஷ்ஷால் பத்து நிமிடம் தடவினால் வானம் பிளாஸ்டிக் பலகையாகும், அதன் முன் பிரஷ் தடம் தெரிய வரைந்த உருவம் அந்நியமாகத் தெரியும்.

இன்னொன்று, வான வீச்சு உருவத்தின் ஓரத்தோடு சேர்ந்து ஓடக் கூடாது. தோளைச் சுற்றிச் சுற்றிப் பூசினால் சாமி படத்துப் பிரபை வந்துவிடும். வீச்சு ஓரத்தை நோக்கி வந்து மோத வேண்டும், அல்லது ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வருவதுபோல இருக்க வேண்டும். பிரஷ்ஷை உருவத்தின் மேலேயே ஓட்டிவிட்டுப் பிறகு உருவத்தைத் திருப்பி வெட்டினாலும் சரி.

இடுப்பருகே இருக்கும் முக்கோண வானம் திறந்த வானத்தைவிட அரை டோன் இருட்டு. அதே கலவையைக் கொண்டு நிரப்பினால் ஒட்டுத்துண்டுபோல முன்னே குதிக்கும். மரக்கிளைகளின் நடுவில் தெரியும் வானத்துக்கும் நிலக்காட்சிக்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

தோல்

புத்தகங்களில் வரும் இளஞ்சிவப்புக் கணக்குகள் இங்கே உதவாது. மாநிறத் தோல் நிழலில் எந்த வானத்தின் முன்னாலும் இருட்டாகத்தான் நிற்கும். அதை வெளுத்துத் திருத்த வேண்டியதில்லை. பர்ன்ட் சியென்னாவும் நீலமும் ஏறக்குறைய எதிர்நிறங்கள் என்பதால் இந்தத் தோல் நீல வானத்தில் தானாகவே ஒளிரும். பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று தள்ளிவிடுவதைப் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1839-இல் புத்தகமாகவே எழுதிவைத்திருக்கிறார். கோப்லான் திரைச்சீலைத் தொழிற்கூடத்தில் சாயப்பிரிவைக் கவனித்தவர் அவர். நடைமுறையில் இதன் பொருள், பலகையில் மங்கலாகத் தெரியும் பழுப்பு, நீலத்தருகே வைத்ததும் செங்கல்லாகும். பலகையில் சரியாகத் தெரியும்வரை கலக்காமல், ஒரு துளி கேன்வாஸில் வைத்துப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

வெயில் பட்ட இடம்: பர்ன்ட் சியென்னா 2, எல்லோ ஓக்கர் 2, வெள்ளை 3, காட்மியம் சிவப்பு துளி. நிழல்: பர்ன்ட் சியென்னா 2, அல்ட்ராமரீன் 1, அலிசரின் துளி, வெள்ளை அரை.

நிழலை ஒரே நிறமாக விட்டால் அங்கேயே படம் செத்தது. நிழலுக்குள் மேல்நோக்கிய பரப்புகள் உண்டு: நெற்றி, மூக்குத்தண்டு, தோள்மேடு, முன்கையின் மேல்பக்கம். இவை வானத்தைப் பார்க்கின்றன, ஆகவே நிழல் கலவையில் கோபால்ட்டும் வெள்ளையும் சேர்த்து அரை டோன் ஏற்றம். கீழ்நோக்கிய பரப்புகள்: மோவாயின் அடி, மூக்கின் அடி, மேற்கையின் உட்புறம். இவை மாடித் தரையைப் பார்க்கின்றன. பழைய மாடிகளில் பதித்திருக்கும் தட்டோடு (தட்டையான செங்கல் ஓடு) வெயிலில் செங்காவி ஒளியை மேலே அனுப்பும்; மோவாய்க்கு அடியில் ஆரஞ்சு துணிந்து வைக்கலாம், காட்மியம் சிவப்பும் ஓக்கரும் தாராளமாக. வெயிலைத் தடுக்கும் வெள்ளைப் பூச்சு அடித்த மாடியானால் அந்த எதிரொளி வெளிறி, குளிர்ந்து, நிழலையே 1 டோன் தூக்கிவிடும். மோனேவின் காட்டுப்பூ மஞ்சள் செய்ததை இங்கே தட்டோடு செய்கிறது.

ஒரு நிபந்தனை: இந்த எதிரொளி எவ்வளவு பளிச்சென்றாலும் வெயில் பக்கத்தின் எந்த டோனையும் எட்டக் கூடாது. 4.5-ஐத் தாண்டாமல் நிறுத்தியது.

கூந்தலும் சரமும்

ஐவரி கறுப்பை நேரடியாக வைத்தால் வானத்தில் ஓட்டை போட்டமாதிரி இருக்கும். அல்ட்ராமரீனும் பர்ன்ட் அம்பரும் சம பங்கு. உச்சியில் வானம் படும் இடத்தில் நீலச்சாம்பல், டோன் 4. இடது ஓரத்தில் வெயில் கூந்தலின் மெல்லிய பகுதியை ஊடுருவும் இடத்தில் பர்ன்ட் சியென்னா, அதற்கு வெளியே ஓக்கரும் வெள்ளையும் கலந்த ஒரு கோடு. கோடு என்றாலும் அறுந்து அறுந்து. ஒரே கனத்தில் சுற்றிவந்தால் நியான் விளக்கு.

பிரிந்து பறக்கும் முடியைக் கடைசியில் நுனிப் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக இழுப்பது வீண். வானமும் கூந்தலும் ஈரமாக இருக்கும்போது உலர்ந்த 1 அங்குல மென்பிரஷ்ஷைக் கூந்தலிலிருந்து வானத்துக்குக் காற்றின் திசையில் ஒரே ஒரு முறை இழுத்து, துணியில் துடைத்து, அடுத்த இடம். துடைக்காமல் இரண்டாவது முறை இழுத்தால் வானத்தில் புகை மண்டிவிடும்.

மல்லிகைச் சரம் கூந்தலின் நிழல்பக்கம் இருந்ததால் அதன் டோன் 6.5 தான்: வெள்ளை, கோபால்ட், ஒரு பொட்டு ஓக்கர். வெயில் எட்டிய 2 மொட்டுக்கு மட்டும் நேரடி வெள்ளை. சரம் முழுக்க வெள்ளை வைத்தால் பார்ப்பவர் கண் முகத்துக்கே வராது, அங்கேயே நின்றுவிடும்.

முந்தானை, அங்கே நடந்த தப்பு

முதல் அமர்வு நீண்டதால் முந்தானையின் வெளிநுனி மறுநாளைக்கு விடப்பட்டது. மறுநாள் காலையில் இடப்பக்க வானம் தொட்டால் ஒட்டும் பதத்தில் இருந்தது. மென்மையாக்க முடியாத அளவு இறுகியும், மேலே பூசத் தாங்காத அளவு ஈரமாகவும் இருக்கும் அந்த நிலைதான் எண்ணெய் வண்ணத்தில் மிக மோசமானது. அதில் வைத்த துணி நுனி வானத்தைச் சுரண்டி எடுத்தது, ஓரத்தில் மேடு விழுந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அட்டையில் வெட்டிய முந்தானை.

திருத்தம்: பலகைக் கத்தியால் மேட்டை வழித்தெடுத்து, 8 நாள் காயவிட்டு, 400 நம்பர் நீர் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தது. உலர்த்தேய்ப்பு வேண்டாம், காட்மியமும் கோபால்ட்டும் தூளாக மூச்சில் போவது நல்லதல்ல. பிறகு அந்தப் பகுதிக்கு அப்பால் ஒரு சாண் வரை வானத்தை மறுபடி ஈரமாகப் பூசி, முந்தானையை அதிலேயே முடித்தது.

துணியின் கணக்கு இது. ஒற்றையாக விரிந்த இடத்தில் பின்வெயில் ஊடுருவி வெள்ளையோடு ஓக்கர், துளி காட்மியம் மஞ்சள், அதாவது வெப்பம். இரண்டு அடுக்கு சேரும் இடத்தில் அதே சூட்டோடு ஒன்றரை டோன் இறக்கம், ஓக்கர் கூடுதல். மூன்று அடுக்குக்கு மேல் வெயில் வராது. அங்கே வானத்தின் எதிரொளிதான், கோபால்ட்டும் வெள்ளையும் பர்ன்ட் சியென்னாவும், சாம்பல் நீலம். அரக்குக் கரை ஊடுருவும் வெயிலில் அரக்காக இருக்காது, காட்மியம் சிவப்புக்கு ஏறும். ஒரே முந்தானையில் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வருவதால்தான் அது துணியாகத் தெரிகிறது. மடிப்பை எண்ணி எண்ணி வரைந்து பயனில்லை. 5 நொடிக்கு ஒருமுறை அது மாறுகிறது. போன் படத்திலிருந்து ஒரு நல்ல வடிவத்தைத் தேர்ந்து, 3 பெரிய மடிப்போடு நிறுத்தினோம்.

ஓரங்கள்

எல்லா ஓரமும் ஒரே கூர்மையில் இருந்தால், மேலே செய்த அத்தனையும் போய்விடும். வலது தோளும் முழங்கையும் ஆழ்ந்த நீலத்தின் முன் கூர்மை. இடது பக்கம் முந்தானையின் ஒற்றை மடிப்பு 9, வானம் 8.5, அங்கே ஓரத்தை விட்டுவிடலாம், ஒரு சாண் நீளத்துக்கு எல்லையே இல்லாமல் கரையவிட்டது. கண்ணை இடுக்கிப் பார்த்தால் காணாமல் போகும் ஓரம் படத்திலும் காணாமல் போகலாம். இந்தக் கரைப்பு பிடிக்காதவர்கள் ஸ்பானிய ஓவியர் சொரொய்யாவின் வழியைப் பார்க்கலாம்: 1909-இல் வரைந்த கடற்கரை நடைப் படத்தில் அடிவானத்தையும் வானத்தையும் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, வெள்ளை உடைகளுக்குப் பின்னால் கடலின் நடுத்தர நீலத்தையே வைத்தார். வெள்ளை எங்கும் தொலையாது.

மங்கல் திட்டுகள்

12-ஆம் நாள் வானத்தில் சாம்பல் பூத்த திட்டுகள். வண்ணத்திலிருந்த எண்ணெயை அடித்தளம் உறிஞ்சியதன் விளைவு. அம்பர் கலந்த இடங்களும் இப்படி மங்கும். அந்த மங்கலைப் பார்த்துக்கொண்டே புது வண்ணம் கலந்தால் அது பழையதோடு சேராது. முதலில் லின்சீட் எண்ணெயும் டர்பன்டைனும் சமமாகக் கலந்து, பஞ்சில் தொட்டு, மெல்லியதாகத் தேய்த்து, சுத்தத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நிறம் ஈரத்தில் இருந்ததுபோலத் திரும்பும். அதன்பின் திருத்தம். வானத்தில் மேற்கொண்டு எண்ணெய் சேர்க்கவில்லை. லின்சீட் நாளடைவில் மஞ்சளிக்கும், நீலத்தில் அது பச்சையாகத் தெரியும்.

அடுக்கு விதி வழக்கம்போல: அடியில் டர்பன்டைன் அதிகம், மேலே போகப்போக எண்ணெய் அதிகம். மாறினால் மேல்தோல் முதலில் இறுகி, அடி நகர்ந்து வெடிக்கும்.

லின்சீட் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடலாம், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட டின்னில் போடலாம்.

வார்னிஷுக்கு 6 மாதம் முதல் 1 வருடம். அதுவரை சுவரில் மாட்டுவதானால் சட்டத்தின் கீழ்முனைகள் இரண்டிலும் 1 செ.மீ. கார்க் துண்டு ஒட்டி, பின்னால் காற்றோட்டம் விட வேண்டும். மழைக்காலத்தில் சுவரோடு ஒட்டிய கேன்வாஸின் முதுகில் பூஞ்சை பிடிக்கும்.